வார்டில் வரும் இரண்டாவது காய்ச்சல்

நேயர்களுக்கு வணக்கம். வேறு எதற்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு நாலைந்து நாள் கழித்துத் திடீரென்று குளிர்க்காய்ச்சல் வந்தால், முதலில் அவர் கையைப் பாருங்கள். ட்ரிப்ஸ் ஊசி குத்திய இடம் சிவந்து, தொட்டால் வலித்து, நரம்பு தடித்திருந்தால் அந்த ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும். அந்த வழியாக ரத்தத்தில் இறங்கும் கிருமிகளில் மோசமானது ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மூன்று பேரில் ஒருவர் மூக்கில் தொந்தரவே இல்லாமல் குடியிருப்பதும் இதுதான்.

பெனிசிலின் வந்த சில ஆண்டுகளிலேயே, அதை உடைக்கும் நொதியைச் சுரந்து தப்பித்தது இந்தக் கிருமி. அந்த நொதிக்கு மசியாத மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இல் இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத ரகம் பதிவாகிவிட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக, மருந்து ஒட்டாத வேறொரு புரதத்தை இது தயாரித்துக்கொள்கிறது. அதனால்தான் பெனிசிலினைப் போலவே அந்தப் புரதத்தில் ஒட்டி வேலை செய்யும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியை எத்தனை நாள் போட்டாலும் இதனிடம் பலிப்பதில்லை.

எந்த ரகம் என்பதை, ரத்தத்தைப் புட்டியில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் சொல்லும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, இரண்டு வெவ்வேறு இடங்களில் புதிதாகக் குத்தி, பெரியவர்களுக்குப் புட்டிக்கு 8 முதல் 10 மில்லி எடுக்க வேண்டும். 2 மில்லியோடு நிறுத்தினால் கிருமி இருந்தும் ரிசல்ட்டில் வராமல் போகலாம். பழைய ஊசி வழியாகவே இழுத்தால் அங்கு ஒட்டியிருக்கும் கிருமி கலந்து குழப்பும். லேபில் கிருமி பரப்பிய தட்டில் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய வில்லையை வைப்பார்கள். மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்பார்கள். 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ரகம். 21-ஓ அதற்குக் கீழோ என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு மில்லிமீட்டரில் மருந்தே மாறிவிடும்!

ரிசல்ட் வரும்வரை, எம்.ஆர்.எஸ்.ஏ-வுக்கும் கேட்கும் வான்கோமைசின் ஊசியைப் போடுவது சரிதான். சாதாரண ரகம் என்று தெரிந்த பிறகும் அதையே தொடர்வதுதான் தவறு. "பெரிய ஊசியை ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். ஆனால் சாதாரண ரகத்தைக் கொல்வதில் வான்கோமைசினைவிடச் செஃபசோலினும் கிளாக்சசிலினும் கெட்டி. வான்கோமைசினில் வேறு சங்கடங்களும் உண்டு. 1 கிராமை ஏற்றக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தமும் இறங்கலாம். சிறுநீரகத்தையும் அது பாதிக்கும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எத்தனை நாள் மருந்து என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரத்தத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்துவிட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து இதய வால்வைப் பார்க்க வேண்டும். கிருமி இல்லை என்று வரும்வரை கல்ச்சரைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அப்படி வந்த நாள்தான் முதல் நாள். எந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலும் அதிலிருந்து 14 நாள் ஊசி. காய்ச்சல் விட்டதும் கிளம்பிப் போகிறவர்களில் சிலர், சில வாரம் கழித்து முதுகுவலியோடு திரும்பி வருவார்கள். முதுகெலும்பில் கிருமி தங்கியிருக்கும். அதற்குக் குறைந்தது ஆறு வாரம் மருந்து.