வாரத்தில் ஒரு நாள், கையில் ஒரு தூண்டில்

வணக்கம் நேயர்களே.

தொண்டி தொடங்கி தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வரை, வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத தெரு நம் கரையில் அபூர்வம். கிளம்பும் முன் விசா, சம்பளம், தங்குமிடம் எல்லாம் விசாரிக்கிறோம். வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு நாள் லீவில் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. உச்சிவரை தூக்கம், பிறகு துணி துவைப்பு, பிறகு கட்டிலில் சாய்ந்து போன் என்று அந்த நாள் கரைந்துவிடுகிறது. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்கேயும் பக்கத்தில் கடல் இருக்கிறது. தூண்டில் போடவும் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அதை எப்படி முறையாகச் செய்வது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வேலை உரிமம். பொழுதுபோக்குக்காகக் கரையில் நின்று தூண்டில் போட்டாலும் துபாயிலும் அபுதாபியிலும் உரிமம் கட்டாயம். எமிரேட்ஸ் அடையாள அட்டை இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். துபாயில் மாநகராட்சி தருகிறது. அபுதாபியில் 'தம்' என்ற அரசுத் தளத்தில் எடுக்க வேண்டும். இந்த உரிமத்தில் பிடித்த மீனை விற்கக் கூடாது. துறைமுகம், குளிக்கும் கடற்கரை, தடைப் பலகை வைத்த பாலம் ஆகிய இடங்களில் நிற்கவும் கூடாது. நம் ஊரில் பாலத்தில் நின்று போட்ட பழக்கத்தில் அங்கேயும் போய் நிற்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு.

இனி கடலைப் பற்றி. பாரசீக வளைகுடா நம் பாக் நீரிணையைப் போலவே ஆழம் குறைந்தது. சராசரி 35 மீட்டர்தான். ஆனால் ஏற்றவற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பாக் நீரிணையில் அது ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. வளைகுடாவில் இடத்துக்கு இடம் மாறும். வடகோடியில் குவைத் பக்கம் 3 மீட்டரையும் தாண்டும். வற்றத்தில் நடந்து போய் மணல் திட்டில் நின்றவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் வேகம். அமீரக வானிலை மையம் தினமும் ஏற்ற, வற்ற நேரங்களை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றம் தொடங்கும் முதல் மணி நேரமும் மீன் நன்றாகக் கடிக்கும். நீர் அசையாமல் நிற்கும்போது கடி குறைவு.

வாடை, சோழகம், கச்சான் தெரிந்த நமக்கு அங்கே புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய காற்று 'ஷமால்'. வடமேற்கிலிருந்து புழுதியோடு வரும். வந்தால் சில நாட்கள் நின்று வீசும். அந்த நாட்களில் அலைதடுப்புப் பாறைகள் பக்கமே போகாதீர்கள். காற்றில்லாத நாளிலும் பாறையில் கறுப்பாகத் தெரியும் பாசிக் கோட்டுக்குக் கீழே கால் வைக்கக் கூடாது.

கைத்தூண்டிலே போதும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தூண்டில் நரம்பு 50 மீட்டர், 30 முதல் 50 கிராம் ஈயம், இரண்டு அளவில் தூண்டில் முள். பாறை இடுக்கில் ஈயம் சிக்கி நரம்பு முழுவதும் அறுந்துபோவதுதான் அடிக்கடி வரும் நஷ்டம். ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் தனியாகத் தொங்கவிடுங்கள். சிக்கினால் அந்த நூல் அறும். முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். இரைக்கு இறாலைவிடக் கணவாய்த் துண்டு நல்லது. சின்ன மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டுக் கழன்றுவிடாது. ஓரா பாசி தின்னும் மீன். அதற்குச் சின்ன முள்ளில் பிசைந்த ரொட்டி மாவு வைக்க வேண்டும்.

மீன்களெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் வேறு. நம் களவாதான் அங்கே ஹமூர். விளமீனுக்கு ஷேரி, ஓராவுக்கு ஸாஃபி, சீலா என்கிற வஞ்சிரத்துக்கு கனாத் என்று பெயர். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது போல, அங்கே மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் ஷேரியும் ஸாஃபியும் பிடிக்கத் தடை. ஹமூர் 45 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலில் விட்டுவிட வேண்டும். ஒரு முழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓராவின் முள் குத்தினால் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தி வையுங்கள். அந்த விஷம் புரதம் என்பதால் சூட்டில் அதன் வீரியம் குறையும். பேத்தை மீனின் விஷம் அப்படியல்ல, எவ்வளவு கொதித்தாலும் அழியாது. நன்றாகச் சுத்தம் செய்தால் தின்னலாம் என்று அறையில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூரையும் கானாங்கெளுத்தியும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. முகம் சிவந்து அரிப்பெடுக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப் போங்கள்.

வெயிலை லேசாக எண்ண வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கே அமீரக அரசு தடை போட்டிருக்கிறது. வேலைக்கே ஆகாத வெயிலில் பாறையில் நிற்பது எப்படி? கோடையில் விடியற்காலையோ இரவோ மட்டும் போங்கள், தனியாகப் போகவே வேண்டாம். கூட வந்தவர் பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து 998-ஐ அழையுங்கள். அது அமீரகத்தின் ஆம்புலன்ஸ் எண்.

பஹ்ரைனில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முஹர்ரக் நகரில் 'முத்துப் பாதை' இருக்கிறது, சுமார் மூன்றரை கிலோமீட்டர். முத்துக்குளித்தவர்கள், வணிகர்கள் வாழ்ந்த பழைய வீடுகள் வழியாகப் போகும். 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியதைப் போலவே அவர்களும் இறங்கினார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்த பிறகு 1930-களில் அந்தத் தொழில் நொடித்தது. நம் கரைக்காரர் ஒருவர் அந்தத் தெருக்களில் நடந்தால் மற்ற எவரையும்விட அதிகம் புரிந்துகொள்வார். மாலையில் போங்கள், இரண்டு மணி நேரம் போதும். ஆட்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இந்த மாதம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து தூண்டில் முள் கொண்டுபோவதானால் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். கார்க்கில் குத்தி, தகர டப்பாவில் போட்டு, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.