முதலில் மாவு, அப்புறம் பென்சில்

நடுவர் அவர்களே, 'மூன்று வயதுப் பிள்ளையின் கையில் முதலில் தர வேண்டியது பென்சிலா, களிமண்ணா?' என்ற தலைப்பில் களிமண் அணிக்காக வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "எங்கள் தெருப் பிள்ளை எல்.கே.ஜி.யிலேயே ஒன்று முதல் நூறு வரை எழுதுகிறது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் தட்டும்போது அந்தப் பிள்ளையின் மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாகத்தான் இறுகும். மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பாதிகூடத் தெரியாது. கடைசி எலும்பு தலைகாட்டப் பத்து வயதுகூட ஆகலாம். அந்தக் கையிடம் நான்கு கோடு நோட்டை நீட்டி, கோட்டைத் தாண்டாதே என்கிறோம். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறது என்று அதட்டல் வேறு. அந்த வயதில் அப்படித்தானம்மா பிடிக்கும்! மூன்று விரலில் நிற்க வேண்டுமென்றால் விரலுக்குப் பலம் வேண்டும். அது மாவு பிசைந்து, உருட்டி, கிள்ளி, காகிதம் கிழித்து வருகிற பலம்.

எல்.கே.ஜி. என்கிறோமே, அந்த 'கே.ஜி.' யார் கொடுத்தது? ஜெர்மனிக்காரர் ஃபிரடெரிக் ஃபுரோபெல். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர்; 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தவரும் அவரே. அவருடைய பாடத்திட்டத்தில் காகிதம் மடிப்பது, பின்னுவது, களிமண் பிசைவது எல்லாம் உண்டு. ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி வீடு கட்டுவதும் உண்டு. நமக்குப் பட்டாணி என்றால் சுண்டல்தான்! பெயரை அவரிடம் வாங்கிக்கொண்டோம், பட்டாணியை விட்டுவிட்டோம்.

ஜெர்மனி எதற்கு? விஜயதசமியன்று பிள்ளையை மடியில் உட்காரவைத்து 'அ' எழுதவைக்கிறோம். எதில்? தட்டில் பரப்பிய அரிசியில், விரலால். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். மறுநாளே பென்சிலைத் திணிக்கச் சொன்னது யார்?

"கைவேலை என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டுவதுதானே?" என்று தோழி கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டிலும் அது நடந்தது. பிள்ளை தூங்கிவிட்டான், எனக்கு 'வெரி குட்' கிடைத்தது. அந்தக் கூத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டீச்சர் வரைந்த மாம்பழத்துக்கு முப்பது பிள்ளைகளும் மஞ்சள் பூசுவதும் என் கணக்கில் வராது.

நான் கேட்பது இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். அவ்வளவுதான் மாவு. உப்புக் கரிப்பதால் வாயில் வைத்த பிள்ளை பெரும்பாலும் தானே துப்பிவிடும். இருந்தாலும் பக்கத்தில் ஒருவர் இருங்கள். அப்புறம் குழம்புக்கு நறுக்கிய வெண்டைக்காயின் காம்புத் துண்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தால் பூ விழும். தரை அழுக்காகும், சரி. துடைக்கிற துணியையும் பிள்ளையிடமே கொடுங்கள். பிழியப் பிழிய அதுவும் விரலுக்கு வேலைதான்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், உட்காருகிறேன். வெண்டைக்காயும் மஞ்சளும் மேசையிலேயே இருக்கின்றன. அடுத்துப் பேச வரும் எதிரணி ஐயா, குறிப்புத்தாளை அதன்மேல் வைத்துவிடாதீர்கள், பூத்துவிடும்.