40 ரூபாய் யோயோ, 600 ரூபாய் யோயோ

நேயர்களுக்கு வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டினத்தில் பேரனோடு பொழுதைக் கழிக்கிறவன் நான். பேரிங், அதாவது சுற்றுகிற பாகம் உராயாமல் ஓட நடுவில் வைக்கிற வளையம், அதைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். வானொலி நிலையத்தார் அதற்குப் பயந்தோ என்னவோ, "விளையாட்டுச் சாமான் ஏதாவது பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். சரி என்று யோயோவை எடுத்துக்கொண்டேன். இரண்டு வட்டை நடுவில் ஓர் அச்சால் சேர்த்து, அதில் கயிறு சுற்றி, கயிற்று நுனியை விரலில் மாட்டிக் கீழே விட்டு மேலே வரவழைக்கிற சாமான் அது. அதற்குள்ளேயும் பேரிங் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

பலரும் என்னிடம் கேட்பது இதுதான். சீனாவிலிருந்து மலிவாக வருகிற யோயோவைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா, காசு வீணா? வாங்கலாம். ஆனால் மலிவில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று தண்டம், இன்னொன்று தங்கம்.

முதலில் தண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். மாம்பழம் பார்க்கப் போனவனைப் பொம்மைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான் பேரன். 40 ரூபாய்க்கு ஒரு யோயோ, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். கீழே விட்டால் போகும், உடனே மேலே வரும். அதோடு சரி. மூன்றாம் நாள் நடுவில் ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், ஒரு பாதி கட்டிலுக்கு அடியில், இன்னொரு பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்.

அந்தப் பாதியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கயிற்றை நடு அச்சில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறான். கோளாறே அங்கேதான். கயிறு அச்சோடு கட்டியிருந்தால், கீழே போனதும் அது வேறு வழியில்லாமல் மறுபடி சுற்றிக்கொண்டு மேலே வந்தாக வேண்டும். கட்டாமல் அச்சைச் சுற்றி வளையமாக மாட்டியிருந்தால், கயிற்றின் நுனியிலேயே நின்று சுற்றும். இந்த வளையக் கயிறு பிலிப்பைன்ஸ்காரர்கள் வழக்கம். பெட்ரோ ஃப்ளோரஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரர் 1928-ல் கலிபோர்னியாவில், சாண்டா பார்பராவில், இந்த மாதிரி யோயோ செய்ய ஆரம்பித்தார். பிறகு டங்கன் என்பவர் அந்தக் கம்பெனியை வாங்கி ஊர் உலகமெல்லாம் பரப்பினார். சுமார் நூறு வருடத்துக்கு முந்தின சங்கதி. அந்த 40 ரூபாய் யோயோவுக்கு அதுகூட எட்டவில்லை.

நின்று சுற்றுவது என்றேன் இல்லையா, பம்பரம் விட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் சாட்டையை இழுத்து விட்டால், நல்ல பம்பரம் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். "தூங்குதுடா" என்போம். காதை வைத்தால் உம்மென்று சத்தம் மட்டும் கேட்கும். என் பம்பரத்தை அப்பாவே கடைசலில் கடைந்து, ஆணி அடித்து, ஆணி நுனியைக் கல்லில் தேய்த்துத் தந்தார். ஒரு நாள் மதியம் அது தூங்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஒருத்தன் ஆக்கர் வைத்து, அதாவது தன் பம்பரத்து ஆணியால் ஓங்கிக் குத்தி, பிளந்துவிட்டான். அறுபது வயதைத் தாண்டியும் அவனைக் கடைவீதியில் பார்த்தால் எனக்கு அந்தப் பம்பரம்தான் ஞாபகம் வருகிறது. அவன் இப்போது நல்ல மனிதன்தான். இருந்தாலும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்புறம் இணையத்தில் 600 ரூபாய்க்கு ஒன்று வரவழைத்தேன். இதுவும் சீனாதான். ஆனால் அலுமினியத்தில் கடைந்தது, இரண்டு பாதியையும் திருகிக் கழற்றலாம், நடுவில் பொடி பேரிங். விரல் நகத்தை ஓரத்தில் வைத்தால் அதிர்வே தெரியவில்லை. எடையெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் தகடு அழுத்துகிற பவர் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் என்று கனமான சக்கரம் ஒன்று சுற்றும், அதே கணக்குதான். ஓரம் கனமாக இருந்தால் நெடுநேரம் சுற்றும்.

வீசினேன். கீழே போனது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே வரவில்லை. கையைச் சுண்டினேன், வரவில்லை. கடைசியில் செத்த எலி மாதிரி கயிற்றில் தொங்கியது. ஏமாந்தோம் என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடினேன். பேரன் சிரிக்கிறான். "தாத்தா, அது கெட்டுப்போகலை. தானா வராது. நீதான் கூப்பிடணும்" என்றான்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். யோயோவில் சுண்டினால் வருவது ஒரு வகை, சுண்டினாலும் வராதது ஒரு வகை. வராத வகையில், கயிற்றைச் சின்னதாக மடித்து, இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்துக்குள் ஊட்ட வேண்டும். அது கவ்விக்கொண்டு ஏறும். பம்பரத்தைச் சாட்டையால் தூக்கி அபீட் எடுக்கிற மாதிரி ஒரு கைப்பழக்கம், வானொலியில் காட்ட முடியாது. வித்தை காட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் யோயோவாக அதைக் கொடுத்தால் அரை மணியில் பரணுக்குப் போய்விடும். முதலில் சுண்டினால் வருகிற பிளாஸ்டிக் ஒன்று, கயிறு வளையமாக மாட்டியதாக, திருகிக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். அலுமினியம் அப்புறம்.

இனி பேரிங். புது பேரிங்கில் மசகு இருந்தால் கொஞ்சம் கனத்துச் சுற்றும். அதைக் கழுவி உலர்த்தினால் லேசாகிவிடும், சுண்டினால் வராது. உல்டாவாக, பொட்டு அளவு கெட்டி கிரீஸ் வைத்தால் சுண்டும்போது கொஞ்சம் பிடிக்கும். என் 600 ரூபாய் யோயோவை இப்படித்தான் முக்கால்வாசி வழிக்குக் கொண்டுவந்தேன். தொழிற்சாலையில் பேரிங்குக்கு கிரீஸ் குறைந்தால்தான் திட்டுவார்கள். அதிகம் வைத்தாலும் சூடேறிப் போகும், அது பல பேருக்குத் தெரியாது. ஒரு முறை இரவு ஷிப்டில்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்.

வேகமாகச் சொல்கிறேன். மலிவு யோயோவில் முதலில் வீணாவது கயிறு. தனியாகக் கயிறு வாங்கி வையுங்கள், பாலியஸ்டர் கயிறு பல நாள் வரும். யோயோ தரையைத் தொட்டு நிற்கும்போது கயிறு தொப்புள் வரை வந்தால் போதும், மிச்சத்தை வெட்டிவிட்டு விரலுக்குச் சுருக்கு போடுங்கள். அலுமினியம் நெற்றியில் பட்டால் புடைத்துவிடும், குனிந்து பார்க்க விடாதீர்கள். விலை ஏன் ஏறியது என்று கேட்கிறார்கள். பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் பிள்ளைகள் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், கடையில் வாங்கும்போது பாருங்கள்.

கயிறு முறுக்கேறிக்கொண்டால் என்ன செய்வது என்று விரிவாக எழுதி வைத்திருந்தேன். கையிலிருந்து யோயோவைச் சும்மா தொங்கவிடுங்கள், அதுவே சுற்றிப் பிரிந்துகொள்ளும். மணி ஆகிவிட்டது. வணக்கம்.