கீசருக்குள் கடுகு வெடிக்கிறது

வணக்கம். போன வீடியோவில் பின்னணியில் ‘படபட’வென்று ஒரு சத்தம் கேட்டதே, வீட்டில் யாரோ தாளிக்கிறார்கள் என்று பாதிப் பேர் எழுதியிருந்தீர்கள். தாளிப்பு இல்லை, எங்கள் குளியலறைக் கீசர்.

15 லிட்டர் கீசர், வாங்கி ஏழு வருடம் ஆகிறது. தாம்பரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப் பற்றி நான் உங்களிடம் அழாத அழுகை இல்லை. வந்த மெக்கானிக் அடிமூடியைக்கூடக் கழற்றவில்லை. காதை வைத்துக் கேட்டார். “டேங்க் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார். அப்படிக் கேட்டதற்கு 350 ரூபாய்! எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் தானாகவே சூடாகியிருக்கும்.

டேங்க் போனால் ஒழுக வேண்டும். இது ஒழுகவில்லை, வெடிக்கிறது. காரணம் உப்புப் படிவு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறினால் கால்சியம் கார்பனேட்டாகி, தண்ணீரைச் சூடாக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருளின் மேல் ஓடு கட்டும். ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து, நீராவிக் குமிழாகிப் பொட்டுப் பொட்டென்று வெளியேறும். நாம் கேட்ட கடுகு அதுதான். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இந்த வகை உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் வீட்டுத் தண்ணீர் அந்த 600-ஐ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு காலை உள்ளே வரும் குழாயின் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரை வடித்தேன். இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கீசருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும் எம்.சி.பி.யை மின்பெட்டியில் இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்தும் பார்த்துக்கொண்டேன். சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் நம்பி இதில் கை வைக்காதீர்கள். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் மூடியைக் கழற்றும் ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

அடித்தட்டை இறக்கியதும் கொட்டியது பாருங்கள், அரை வாளி! முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது போல. காயில் சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த மெக்னீசியம் கம்பி, விரல் தடிமனில் இருக்க வேண்டியது, கரைந்து ஊசியாகி இருந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் அரிபட்டுச் சாகும் கம்பி அது. அதையும் மாற்றினேன். காயிலை வெதுவெதுப்பான தண்ணீரில் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊறவைத்தேன். மின் இணைப்பு முனைகள் நனையக் கூடாது. மளிகைக் கடை லெமன் சால்ட்தான், நுரைத்துக்கொண்டு ஓடு கழன்றது.

இனி கேஸ்கெட் கதை. அடித்தட்டின் ரப்பர் வளையம் பழசு, திரும்பப் போட்டால் ஒழுகும். முதல் கடையில் “செட்டாகத்தான் வரும், 1,200” என்றார்கள். இரண்டாவது கடையில் ஏறக்குறைய அதே அளவில் ஒன்றை நீட்டி, “இழுத்து மாட்டுங்கள் சார்” என்றார். இழுத்து மாட்டுவதற்கு அது என்ன காலுறையா? மூன்றாவது கடைப் பெரியவர் பேசவே இல்லை. பழைய வளையத்தை வாங்கி, ஆணியில் தொங்கிய கொத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, ஏழாவதை உருவிக் கொடுத்தார். 40 ரூபாய்! இதோ, அந்தப் பில்லைக் காட்டுகிறேன். 1,200 எங்கே, 40 எங்கே! இதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன்.

எதிரெதிரே இருக்கும் நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். பிறகு டேங்க் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் வரும்வரை சுவிட்சைத் தொடவில்லை. தண்ணீர் இல்லாமல் போட்டால் காயில் கருகிவிடும். இன்னொன்று, சூடாகும்போது சேஃப்டி வால்வில் இரண்டு சொட்டு விழுந்தால் பயப்படாதீர்கள், விரியும் தண்ணீர் வெளியே போகும் வழி அது. சொட்டுகிறதே என்று அடைத்துவைக்கவே கூடாது.

இப்போது போடுகிறேன், கேளுங்கள். சத்தம் வருகிறதா? இல்லை!

‘டங்’... இது கீசர் இல்லை. வாஷிங் மெஷினின் வால்வு பட்டென்று மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டிக் குழாய் சுவரில் இடிக்கிறது. அங்கே குழாயைச் சுவரோடு பிடிக்கும் ஒரு கிளாம்ப் கழன்று தொங்குகிறது. நாளைக்கு அதே பெரியவர் கடைக்குத்தான் போகிறேன்.