அப்பா சிரிக்கவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமா?

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள், பெரியவர் கடைசி வரை உம்மென்றே உட்கார்ந்திருந்தாராம். சம்பந்தி வீட்டார், "ஐயாவுக்கு எங்கள் மேல் ஏதாவது வருத்தமா?" என்று கேட்டுவிட்டார்களாம். "டாக்டர், அப்பாவுக்கு எங்கள் மேல் பாசம் போய்விட்டதா?" என்கிறார்.

இல்லைம்மா. பாசம் அப்படியே இருக்கிறது, அதைக் காட்டுகிற முகத்தசைதான் அசைய மறுக்கிறது.

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடுமூளையில் டோபமின் என்ற, அசைவுகளுக்கு உதவுகிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையும்போது முதலில் அடிபடுவது நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகள்தான்: நடக்கும்போது கை வீசுவது, எச்சில் விழுங்குவது, கண் சிமிட்டுவது, அப்புறம் சிரிப்பு. போட்டோவுக்குச் சிரிங்கப்பா என்றால் முயற்சி செய்து ஓரளவு சிரிப்பார், ஆனால் பேரன் சேட்டை செய்யும்போது தானாக வரவேண்டிய சிரிப்பு வராது. இதைப் பார்த்துத்தான் பல வீடுகளில், "சொன்னால் சிரிக்கிறாரே, அப்போ வேண்டுமென்றேதானே இப்படி இருக்கிறார்" என்று நினைத்துவிடுகிறார்கள், எனக்கு அதைக் கேட்கும்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை கண் சிமிட்டுவோம், இவர்களுக்கு அது நன்றாகக் குறைந்துவிடும், அதனால் பார்ப்பவருக்கு முறைப்பது போலத் தெரியும். கண் எரிகிறது என்று சொன்னால் வறட்சியா என்று கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த நோயில் மனச்சோர்வு நிறைய பேருக்கு வரும், ஆனால் முகத்தை வைத்து அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது, டாக்டர்களே ஏமாறுவதுண்டு. தூக்கம் எப்படி, சாப்பாடு பிடிக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்ததெல்லாம் இப்போதும் வேண்டும் என்று இருக்கிறதா என்று கேளுங்கள். இதெல்லாம் சரியில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

சரி, காதுகுத்து அன்று மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தீர்களா? விசேஷ வீட்டில் இதுதான் தவறிப்போகும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பலருக்கு முகமும் கொஞ்சம் இளகும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு என்ற மருந்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது டோபமினைத் தடுத்து நோயின் தொந்தரவுகளைக் கூட்டும். பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) அழைத்துப் போங்கள், புருவத்தை உயர்த்துவது, கன்னத்தை உப்புவது, சத்தமாகப் பேசுவது எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். முழுசாகப் பழைய முகம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி வீட்டுக்கு இன்றைக்கே போன் செய்து இது நோய் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "பேரனைப் பார்த்தது சந்தோஷமாப்பா?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், குரலும் சின்னதாகத்தான் வரும், டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.