சஃபாரி ஜீப்பை விட்டு இறங்கினப்புறம்

ரேடியோ நேயர்களுக்கு வணக்கம். நான் முப்பத்திரண்டு வருஷம் மாட்டாஸ்பத்திரியில வேலை பாத்தவன். கால்நடை ஆய்வாளர்னு ஆர்டர்ல இருக்கும், ஜவ்வாதுமலை அடிவாரத்துல ஜனங்களுக்கு நான் ஊசிக்காரர்தான், சில பேரு டாக்டரேன்னு கூப்பிடுவாங்க, நானும் மறுத்து பேசினதில்ல. இன்னிக்கு என்னை சுற்றுலா பத்தி பேசச் சொல்லியிருக்காங்க. மாட்டுக்கு ஊசி போடறவனுக்கும் சுற்றுலாவுக்கும் இன்னாய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு, சொல்றேன்.

நான் ரிட்டையர் ஆனதுக்கு மருமகன் மசினகுடியில ஒரு சஃபாரி லாட்ஜ்ல ரெண்டு நாள் ரூம் போட்டுக் குடுத்தாரு. நல்ல புள்ள. விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, மங்கி குல்லா மாட்டி, எல்லாரையும் ஜீப்ல ஏத்தினாங்க. ஒன்றரை மணி நேரம் சுத்தினோம். புள்ளிமான் கூட்டம், ரெண்டு மயிலு, அப்புறம் மூங்கிலுக்கு நடுவுல ஒரு யானையோட பின்பக்கம், அதுவும் பின்பக்கம் மட்டும்தான். பேரன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கினான், புலி வரலியாம். திரும்பி வந்து இட்லி சாப்பிட்டுட்டு எல்லாரும் ரூமுக்குள்ள போய் படுத்து போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க, சாயந்தரம் அடுத்த ஜீப் வர்ற வரைக்கும்.

எனக்கு மனசு கேக்கல. அவ்வளவு தூரம் போய் ரூம்லயா படுத்துக் கெடக்கறது? பக்கத்துலயே தெப்பக்காடு யானை முகாம், சோத்து உருண்டைய யானை வாய்ல வைக்கறத நின்னு பாக்கலாம். பொக்காபுரம் மாரியம்மன் கோயில் இருக்கு. கல்லட்டி வழியா முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறினா ஊட்டி. கர்நாடகா எல்லையத் தாண்டினா பந்திப்பூர் பக்கத்துல கோபாலசாமி பெட்டா, மேல வேணுகோபாலர் கோயில், மூடுபனியில சாமி இருக்கறதே தெரியாது. இதெல்லாம் நான் சொன்னேன், பேரன் கேட்டான், "தாத்தா அங்க புலி இருக்குமா?" நான் சொன்னேன், கண்ணு, புலி வந்தா வரும், வராட்டி போகும், கோயிலும் கல்லும் எங்கயும் ஓடாதுடா. நான் சொல்ல வந்ததும் இதுதான், இன்னும் ரெண்டு வாட்டி சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். வேலூரைப் பத்தி பழைய கிண்டல் ஒண்ணு உங்களுக்குத் தெரியும், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. அதுல சாமி இல்லாத கோயில்ங்கறது 1981லயே பொய்யாப் போச்சு, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. மரம் இல்லாத மலைன்னு சொல்றவங்கள நான் அமிர்திக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். கணியம்பாடி வழியா, இருபத்தஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு. 1967ல அங்க சின்னதா ஒரு மிருகக்காட்சி சாலை ஆரம்பிச்சாங்க, இன்னும் இருக்கு, மழை பெஞ்சா உள்ள அருவியும் ஊத்தும், மழை இல்லன்னா வெறும் பாறைதான், ஏமாந்துராதீங்க. யானை வேணும்னா குடியாத்தம் பேர்ணாம்பட்டு பக்கம் கேட்டுப் பாருங்க, ஆந்திராவோட கவுண்டின்யா சரணாலயத்துல இருந்து எறங்கி வந்து மாந்தோப்பையும் நெல்லையும் மிதிச்சுட்டுப் போவும், அங்க யாரும் சஃபாரின்னு சொல்ல மாட்டாங்க, வேற வார்த்தை சொல்லுவாங்க.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். வேலைக்குச் சேந்த புதுசு, செங்கம் பக்கம் ஒரு ஊருல மாட்டுக்கு வர்ற கோமாரி நோய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். ஒரு பசு, ரொம்ப முரண்டு, நாலு பேரு புடிச்சும் நிக்கல. ஏரிக்கரை ஓரமா வேப்பமரத்துக்கு அடியில இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல்லு நட்டிருந்துச்சு, கயித்த அதுல ஒரு சுத்து சுத்திட்டேன். எங்க இருந்துதான் வந்துச்சோ ஒரு கிழவி, கையில விளக்குமாறு. "ஏன்யா ஊசிக்காரா, கண்ணு இன்னா பின்னாடியா கீது? அவரு வேடியப்பன்யா! அவரு மேல மாட்டக் கட்றியே!" அப்படியே பதறிட்டேன். கயித்த அவுத்துட்டு, கன்னத்துல போட்டுக்கினு பாக்கறேன், மஞ்சளும் எண்ணெயும் ஏறி கருத்துப் போன கல்லுல ஒரு ஆளு நிக்கறான், ஒரு கையில வில்லு, ஒரு கையில குறுவாள். தலைக்கு மேல எழுத்து. தமிழ் மாதிரி இருக்கு, ஆனா ஒரு எழுத்து கூட படிக்க வரல. இவரு யாரு பாட்டின்னு கேட்டேன். "மாட்டுக்காக செத்தவருய்யா, அதான் உன் மாடும் அவருகிட்ட நிக்குது" அப்படின்னுச்சு. நெஜமாவே பசு நின்னுடுச்சுங்க! ஊசி போட்டுட்டு வந்துட்டேன், ஆனா அந்தக் கல்லு என்னை விடல.

அப்புறம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு கேட்டுத்தான் புரிஞ்சது. அந்தக் காலத்துல சொத்துன்னா மாடுதான். ஒரு ஊரு மாட்டை இன்னொரு ஊருக்காரன் ஓட்டிட்டுப் போவான், சங்கப் பாட்டுல வெட்சின்னு படிச்சிருப்பீங்க, அதை மீட்கப் போறது கரந்தை. மீட்கப் போய் செத்தவனுக்கு ஊரு கல்லு நட்டு சாமியாக் கும்பிட்டுச்சு. அதான் நடுகல். எழுத்து வட்டெழுத்து, தமிழை அந்தக் காலத்துல எழுதின பழைய எழுத்து, அதனாலதான் எனக்கு படிக்க வரல. பழைய வடஆற்காடு ஜில்லாவுல, செங்கம் தண்டராம்பட்டு சுத்துவட்டாரத்துல மட்டும் பல்லவர் காலத்துக் கல்லு அத்தனை இருக்கு, 1970 வாக்குல தொல்லியல் துறைக்காரங்க ஊர் ஊரா அலைஞ்சு படி எடுத்தாங்க. முப்பது வருஷம் மாட்டுக்கு ஊசி போட்டவனுக்கு, மாட்டுக்காக உயிரை விட்டவன் மேல பாசம் வராம இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

அதுலயும் எடுத்தனூர்னு ஒரு ஊரு, அந்தக் கல்லைப் பத்தி சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன். மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆவது ஆட்சி ஆண்டு, அதாவது ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன், அவனோட எருமைங்கள மீட்கற சண்டையில செத்துப் போனான். பசு கூட இல்ல, எருமை. கல்லுல அவனுக்குப் பின்னாடி ஒரு நாய் நிக்குது. நாய்க்கு பக்கத்துல தனியா எழுதியிருக்கு, கோவிவன்ங்கற இந்த நாய் கள்ளனைக் கடிச்சு காத்து நின்னுச்சுன்னு. பேரு போட்டு எழுதியிருக்காங்க! எத்தனையோ பெரிய மனுஷங்க பேரு மண்ணோட போச்சு, ஒரு எருமைக்காரனோட நாய் பேரு இன்னிக்கு ரேடியோவுல வருது. எங்க வீட்டு நாய்க்கும் கோவிவன்னுதான் பேரு, அது தபால்காரரைத் தவிர யாரையும் கடிச்சதில்ல, ஊசி எல்லாம் கரெக்டா போட்டாச்சு.

போய்ப் பாக்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ். உச்சி வெயில்ல போனா கல்லுல ஒண்ணும் தெரியாது, மொட்டையா இருக்கும். காலையில வெயில் சாய்வா விழற நேரம், இல்ல நாலு மணிக்கு மேல, அப்பதான் எழுத்தோட பள்ளத்துல நிழல் விழுந்து கோடு கோடா எழும்பி வரும். மரத்தடியில வெயிலே இல்லன்னா என் டிவிஎஸ்ல இருந்து சைடு மிர்ரரைக் கழட்டி எடுத்துட்டுப் போய் வெயிலைப் பக்கவாட்டுல அடிப்பேன், இப்ப செல்போன் டார்ச் போதும், நேரா அடிக்காம ஓரத்துல இருந்து அடிங்க. சாக்பீஸ் தேய்க்காதீங்க, கல்லைச் சுரண்டாதீங்க. முக்கியமா ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, செருப்பைக் கழட்டிடுங்க, உங்களுக்கு அது சரித்திரம், அவங்களுக்கு வேடியப்பன். தண்டராம்பட்டு வரைக்கும் போனா சாத்தனூர் அணை பக்கந்தான், முதலைப் பண்ணை இருக்கு, புள்ளைங்களுக்கு ஒரு மிருகம் பாத்த திருப்தி கெடைச்சிரும், முதலையும் கல்லு மாதிரி எங்கயும் ஓடாது.

ஜவ்வாதுமலை மேல ஜமுனாமரத்தூர் போறவங்க பீமன் அருவி, கோமுட்டேரி படகு, இதோட எறங்கிடறாங்க. மேல கற்திட்டைங்க இருக்கு, நாலு பக்கமும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, ஜனங்க குள்ளர் வீடும்பாங்க, குள்ளரும் இல்ல வீடும் இல்ல, பழைய காலத்து ஈமச்சின்னம். மலையில இருக்கற மலையாளிங்க கேரளாக்காரங்க இல்ல, எத்தனை வாட்டி சொன்னாலும் டவுன்காரங்களுக்குப் புரியறதில்ல, மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம், காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்களே கதை சொல்லுவாங்க. சாமை வாங்கிட்டு வாங்க, தேனும் வாங்குங்க. எறங்கற வழியில படவேடு, ரேணுகாம்பாள் கோயில், சம்புவராயருங்க தலைநகரா வச்சிருந்த ஊரு, பக்கத்துல செண்பகத்தோப்பு அணை.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கற தம்பி மூணு விரலைக் காட்டறாரு. மூணு நிமிஷமா, மூணு மணியான்னு தெரியல. மணின்னதும் ஞாபகம் வருது, விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல ஒரு கல்லு இருக்கு, அரைவட்டமா நம்பர் வெட்டியிருக்கும், மேல இருக்கற குழியில குச்சிய வச்சா நிழல் விழற நம்பர்தான் மணி. பெங்களூர் ரோட்டுல போறவங்க சும்மா பத்து நிமிஷம் எறங்கிப் பாருங்க. வேலூர் கோட்டைய பத்தி ஒரு மணி நேரம் பேச எழுதி வச்சிருந்தேன், 1806 ஜூலை 10, சிப்பாய்ங்க எழுந்தது, தெரிஞ்சதுதானே, போகட்டும். ஆனா இலங்கையில கண்டிய ஆண்ட ராஜா விக்ரமராஜசிங்கனைக் கடைசி வரைக்கும் இந்தக் கோட்டையிலதான் அடைச்சு வச்சிருந்தாங்க, 1832ல இங்கதான் செத்தாரு, பாலாத்தங்கரையில அவரு நினைவா முத்து மண்டபம் இருக்கு, ஊர்க்காரங்களே நிறைய பேரு போனதில்ல. போளூர் பக்கம் திருமலை, பாறையிலயே செதுக்கின சமண தீர்த்தங்கரர் நேமிநாதர், குந்தவை பேருல ஜினாலயம், அதாவது சமணக் கோயில்.

ஒரு விரலாயிடுச்சு. காவலூர் மட்டும் சொல்லிடறேன், ஆலங்காயத்துக்கு மேல வைணு பாப்பு வானாய்வகம், 1977ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கறதக் கண்டுபுடிச்சப்ப, பாத்து பதிவு பண்ண இடத்துல நம்ம காவலூரும் ஒண்ணு. மலை மேல ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம், தம்பி ஒரே நிமிஷம், கேக்கறவங்க வீட்டுல கன்னுக்குட்டி இருந்து நாலு மாசம் ஆயிருந்தா கோமாரி ஊசி போட்டுருங்க, தள்ளிப் போடாதீங்க, பக்கத்து மாட்டாஸ்பத்திரியில கேட்டீங்கன்னா சொல்லுவாங்க. வணக்கம்.