பேங்க் செக், செக் சட்டை, செக் போஸ்ட்: எல்லாத்துக்கும் ஒரே ராஜா

வணக்கம்ங்க! பேங்க்ல குடுக்குற செக், கட்டம் போட்ட செக் சட்டை, செக் போஸ்ட், "ஒரு தடவ செக் பண்ணிடு"... இதெல்லாம் ஒரே வேர்லருந்து வந்ததுதான்.

பாரசீக மொழில ராஜாவுக்கு ஷா. சதுரங்கத்துல ராஜாவத் தாக்குனா "ஷா!"ன்னு குரல் குடுப்பாங்க. அது அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சுன்னு சுத்தி இங்கிலீஷுக்கு செக்கா வந்துச்சு. அந்த பிரெஞ்சுச் சொல்லோட பன்மைதான் செஸ்.

செக் விழுந்துட்டா நெனச்ச காய நகர்த்த முடியாது, மொதல்ல ராஜாவக் காப்பாத்தணும். அதனால செக்னா "தடுத்து நிறுத்து"ன்னு ஆச்சு. செக் போஸ்ட்ல இன்னும் அதுதான் நடக்குது. நிறுத்துனாத்தானே சோதிக்க முடியும்? சரிபாக்குறதுங்கற அர்த்தம் அப்படி வந்துச்சு.

செக்மேட்னா "ராஜா செத்துட்டார்"னு நிறைய பேர் சொல்றாங்க. அரபில மாத்தன்னா செத்தான், அந்தக் குழப்பம்தான். பாரசீகத்துல மாத்னா வழியில்லாம திகைச்சு நிக்கிறது. ஆட்டத்துலயும் பாருங்க, ராஜாவ யாரும் வெட்டுறதில்ல!

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அரசாங்க வரிக்கணக்கு பாக்க ஒரு மேசை இருந்துச்சு. 10 அடி நீளம், 5 அடி அகலம். கணக்குக்கு வெக்கிற காய் உருண்டு விழாம ஓரத்துல நாலு விரல் உசரத்துக்கு விளிம்பு, மேல கோடு போட்ட கருப்புத் துணி. பாக்க சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால எக்ஸ்செக்கர்னு பேரு. செக் சட்டைக்குப் பேரு வந்ததும் அந்தப் பலகைக் கட்டத்தாலதான். பிரிட்டன் நிதியமைச்சர் பதவிப் பேர்ல இன்னைக்கும் அது இருக்கு.

இதோ இந்தத் துணியில 237 பவுண்டு வெக்கிறேன். நூறு கட்டத்துல 2 காய். அடுத்தது பத்து இல்லைங்க, இருபது! அதுல 1. மிச்சம் 17 காயும் பவுண்டு கட்டத்துல. கட்டவேண்டிய தொகை மேல் வரிசை, கட்டுனது கீழ் வரிசை. பாக்கி எவ்வளவுன்னு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கண்ணுக்குத் தெரியும்.

பேங்க் செக் 18ஆம் நூற்றாண்டு சமாச்சாரம். மோசடியக் கண்டுபிடிக்க வெச்சிருந்த அடிக்கட்டைக்குத்தான் மொதல்ல செக்னு பேரு, அப்புறம் கிழிச்சுக் குடுக்குற தாளுக்கே ஒட்டிக்கிச்சு. எக்ஸ்செக்கர் சாயல்ல பிரிட்டன்ல கடைசில க்யூ யூ இ போட்டாங்க, அமெரிக்கால சி கே-யே நின்னுடுச்சு. இங்கதான் தப்பு நடக்குது: சரிபாக்குற செக்குக்கும் செக் சட்டைக்கும் எங்கயுமே க்யூ கிடையாது. செக்ங்கற சொல்லுக்கு பிரிட்டிஷ் எழுத்துல க்யூ வர்றது பேங்க் தாளுக்கு மட்டும்தான். அமெரிக்க ஹோட்டல்ல "செக்"னு கேட்டா வர்றது பில்லு!